நாற்பத்திரண்டாவது முகம்

பூவராகவனைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பதினெட்டு வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருப்பதுதான். என் அளவுக்கு அவரைத் திட்டியவர்கள் இந்த ஊரில் கிடையாது. அதனாலேயே என் அளவுக்கு அவரைக் கவனித்தவர்களும் கிடையாது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ரெஜினா என்ற என் பெயரில் ஒரு சின்னப் பொம்மைப் பட்டறை ஓடுகிறது. வேலைக்கு ஆறு பேர். ஐந்து பேர் அச்சில் களிமண் கூழ் ஊற்றுவார்கள், காய வைப்பார்கள், சூளையில் அடுக்குவார்கள். ஆறாவது ஆளான பூவராகவன் முகம் எழுதுவார். இமைக்கு ஒரு கோடு, கண்ணுக்கு ஒரு புள்ளி, உதட்டுக்கு ஒரு வளைவு. கொலு சீசனில் ஒரு நாளைக்கு இருநூறு முகம். எங்கள் பட்டறையில் கிருஷ்ணனுக்கும் காய்கறிக்காரிக்கும் போலீஸ்காரருக்கும் ஒரே சிரிப்புதான். அந்தச் சிரிப்பை வாங்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். அழுகிற பொம்மையை யார் கொலுவில் வைப்பார்கள்?

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், புதுச்சேரியில் ஒரு கடைக்கு இரண்டு பெட்டி பொம்மை கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினேன். அது நான் செய்த தப்பு. திரும்பும்போது மழை பிடித்திருக்கிறது. ஒதுங்குவதற்கு ஏதோ ஒரு கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறார். உள்ளே ஓவியக் கண்காட்சி. ஆள் உயரத்துக்குப் பச்சையும் சிவப்பும் அப்பிய முகங்கள். ஒரு படத்துக்கு ஒரே ஒரு ஆள், பக்கத்தில் நாற்காலிகூடக் கிடையாது. மனிதர் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். மழை விட்டதும் தெரியவில்லை, பஸ் போனதும் தெரியவில்லை.

மறுநாள் வந்து சொன்னார்: "அக்கா, அங்க ஒருத்தர்கூட சிரிக்கல. ஆனா அத்தன பேரையும் எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சி."

அங்கே காவலுக்கு இருந்த பெண் அதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று ஒரு பெயர் சொன்னாளாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறத வெளிய போடறது அக்கா."

"அதுக்குப் பேரு வாந்திப்பா. போயி கண்ணு எழுது, முப்பது பிள்ளையார் காத்துக்கிட்டு இருக்குது."

அவர் போய்க் கண் எழுதினார். ஆனால் அன்றிலிருந்து சாயங்கால வேளைகளில் ஓர் அடிச் சதுர ஓடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மனித முகம் எழுத ஆரம்பித்தார். எழுதியதை என் சூளையில், என் பொம்மைகளுக்கு நடுவே ஒரு மூலையில் சொருகிச் சுட்டுக்கொள்வார். கேஸ் என்னுடையது, சூளை என்னுடையது, சோகம் மட்டும் அவருடையது.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சூளைக்குப் போகும் முன் இருக்கும் நிறம் வேறு, வெளியே வரும்போது இருக்கும் நிறம் வேறு. நீலமாக வர வேண்டிய வர்ண மருந்து, பூசும்போது வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும். உட்கார்ந்து எழுதச் சொன்னவர்கள் இன்னும் சுடாத ஓட்டைப் பார்த்துவிட்டு, "அட, கன்னமெல்லாம் ரோஸ் கலர்ல இருக்குதே" என்று பூரித்துப் போவார்கள். இரண்டு நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து, ஊரே கைவிட்ட மாதிரி ஒரு முகம் சூளையிலிருந்து வெளியே வரும். அப்புறம் அவர்கள் பட்டறைப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

பத்து வருடத்தில் நாற்பத்தொரு முகம் எழுதினார். காசு வாங்கவில்லை, சும்மாதான் கொடுத்தார். நாற்பத்தொன்றும் திரும்பி வந்தன.

கருவேப்பிலங்குறிச்சி காத்தவராயன் புது வீட்டு முன்கூடத்தில் மாட்டுவதற்கென்று ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். நாலாம் நாள் அவர் சம்சாரம் ஆட்டோ பிடித்துக் கொண்டு வந்து போட்டுவிட்டார். "நல்ல நாளு பொழுதுல நாலு பேரு வந்து போற வூடுங்க. பல்வலியில பதுங்கற மாதிரி இருக்குது இந்த மூஞ்சி" என்றார். திட்டக்குடியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சுப்புராயன், பிரிவு உபசாரத்துக்கு வந்த ஓட்டைத் தானே கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். "நான் ரிட்டயர் ஆனதுல ரொம்ப சந்தோஷமா இருக்கறேங்க. இதுல வேற மாதிரி தெரியுது" என்றார். சொல்லும்போது அவர் கண் ஓட்டில் இருந்த மாதிரியேதான் இருந்தது. நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

முப்பத்தெட்டாவது முகம் என்னுடையது. ஒளிப்பானேன்? உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி ஒரு பொம்பளை. வரப்போவது யாருமில்லை என்று தெரிந்தே பார்க்கிற பார்வை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நான் எப்ப இப்படி இருந்தன்?"

"மத்தியானம் டிபன் பாக்ஸ தொறக்கறப்ப இருக்கறீங்கக்கா" என்றார்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். துண்டால் ஒரு முறை துடைத்தார். பட்டறைப் பரணில் ஏறி, மற்ற முப்பத்தேழுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தாற்போல வைத்துவிட்டு இறங்கினார். ஒவ்வொன்றும் திரும்பி வரும்போதும் இதே மாதிரிதான். ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொண்டது கிடையாது. ஆனால் அன்றைக்கு மட்டும் சாப்பிட மாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் கொடுத்தேன்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இந்த வியாதிதான் காரணம். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் ஸ்வீட் பாக்ஸ் அட்டையின் பின்பக்கத்தில் பெண்ணை வரைந்திருக்கிறார். படத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா எழுந்து, "ஏம்மா இளமதி, உனக்கு இதுல இஷ்டம் இல்லியா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஓவென்று அழுது, கூட வேலை பார்க்கும் பையனைப் பற்றி அங்கேயே சொல்லிவிட்டது. அவனையே கட்டிக்கொண்டு இப்போது திட்டக்குடியில் நன்றாக இருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி பூவராகவனுக்கு ஒரு டப்பா முறுக்கு வரும். அவர் அதைப் பட்டறையில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பார். நானும் தின்றிருக்கிறேன். நல்ல முறுக்கு.

போன வருடம் வியாதி என் வியாபாரத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. கல்யாண செட் என்று ஒன்று போடுவோம். மாப்பிள்ளை, பெண், ஐயர், மேளக்காரர், பெண்ணின் அப்பா அம்மா, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் சேர்ந்தது. பெட்டி கட்டும்போது பார்த்தால், பெண்ணின் அப்பா மட்டும் இன்னும் ஒரு நிமிஷத்தில் அழுதுவிடுவார் போல நிற்கிறார். பன்னிரண்டு செட்டிலும் அப்படியே.

"என்னாய்யா இது?"

"பொண்ண அனுப்பிட்டு ராத்திரி வூட்டுக்குப் போவணுமேக்கா அவரு."

பன்னிரண்டு அப்பாக்களையும் அழித்துச் சிரிக்க வைக்கும்வரை நான் இடத்தை விட்டு நகரவில்லை.

இந்த நிலையில்தான் நர்சம்மா வந்தார்கள்.

உபகாரமேரி என்றால் யாருக்கும் தெரியாது. ஊசி போடும் நர்சம்மா என்றால் தெரியும். எழுபத்தோரு வயது. முப்பத்தைந்து வருடம் ஊசி போட்டவர். ஊரில் பாதிப் பேரின் இடுப்பு அவருக்கு அத்துப்படி, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு. கணவர் சூசைநாதன் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் சகாயராஜ் குவைத்தில். பங்குக் கோயில் தெருவில் தனியாக இருக்கிறார்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. "ரெஜினா, என் கல்லறைக்கு ஒரு மூஞ்சி வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர் படத்தைச் செராமிக்கில் பதித்துச் சிலுவைக்குக் கீழே ஒட்டுவது வழக்கம். வெயில் மழைக்கு அழியாது. நர்சம்மாவின் சிநேகிதி ஒருத்தி அந்த மாசிமாதம் இறந்துபோனாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவசரத்துக்கு அவளுடைய ஆதார் அட்டைப் படத்தையே பெரிதாக்கிப் பதித்துவிட்டார்கள்.

"திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கறா, பாவம். செத்தவங்க எழுந்து வர்ற உயிர்ப்பு நாளு வரைக்கும் அந்த மூஞ்சியோட கெடக்கணுமா? எம் புள்ளையும் அததான் செய்வான். நான் இருக்கறப்பவே முடிச்சிடணும்."

நான் பூவராகவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இங்க பாரு, வயசானவங்க. உன் வாந்தியெல்லாம் வேணாம். அழகா சிரிக்க வச்சிக் குடு."

பூவராகவன் சொன்னபடி கேட்கிற ஆள். கொலு சிரிப்பில் ஒரு நர்சம்மாவை எழுதிச் சுட்டுக் கொடுத்தார். நர்சம்மா அதைக் கையில் வாங்கி, எக்ஸ்ரே பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இது? காய்கறிக்காரி பொம்மைக்கு வெள்ளச் சீல கட்டினாப்ல இருக்குது." ஓட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பூவராகவனிடம் திரும்பினார். "தம்பி, எங்க கல்லறத் தோட்டத்துக்கு வந்து பாத்துருக்கறியா? அங்க அத்தன பேரும் சிரிச்சிக்கிட்டுதான் இருக்கறாங்க. சிரிக்கறவங்கள பாத்தா ஜனங்க என்னா நெனைப்பாங்க? நல்லாருக்கறாங்கன்னு போயிக்கினே இருப்பாங்க. எம் மவன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவான். மத்த நாளு எல்லாம் நான் அங்க தனியாதான கெடக்கணும்? போற வர்றவங்க ஒரு நிமிஷம் நிக்கணும். நின்னு, 'என்னம்மா?'ன்னு கேக்கணும். அந்த மாதிரி மூஞ்சி உன்னால முடியுமா?"

பூவராகவன் என்னைப் பார்த்தார். பத்து வருடமாகக் காத்திருந்தது வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடலாமா என்று கேட்கிற பார்வை. நான் நர்சம்மா பக்கம் ஒரு ஸ்டூலைத் தள்ளினேன்.

"ஒக்காருங்க நர்சம்மா" என்றார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இரண்டாம் பூசை முடிந்ததும் நர்சம்மா பட்டறைக்கு வருவார். விடுமுறை நாளில் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் நர்சம்மா பேசவே இல்லை, ஊசிக்குப் பயந்த குழந்தை மாதிரி விறைப்பாக இருந்தார். இரண்டாம் வாரம் அவராகவே ஆரம்பித்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றன், யார்கிட்டயும் சொல்லாத. குக்கர் விசிலடிச்சா நான் 'வரேன் வரேன்'னு பதில் சொல்றன்."

பூவராகவன் ஓட்டிலிருந்து தூரிகையை எடுக்காமலே, "நான் தண்ணி மோட்டார்கிட்ட பேசுவன் நர்சம்மா. நிறுத்தறப்ப போயிட்டு வரேன்னு சொல்லுவன்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்த இடத்தில்தான் பூவராகவன் கை வேகமாக ஓடியது. எனக்கு வீட்டில் கிளமெண்ட் என்று ஒரு கணவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து போனில் யார் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் வீட்டில் எதனோடாவது பேசுகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்க வேண்டாம்.

சூளை திறந்த அன்று நர்சம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஓடு முழுக்க முகம். ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருந்தது. கன்னத்தில் சாம்பல் பச்சை, கண்ணுக்கடியில் அந்த நீலம். உதடு, யாரையோ கூப்பிட வாயெடுத்துவிட்டு வேண்டாமென்று நிறுத்தியதுபோல. அழகில்லை. ஆனால் பார்த்தவுடன் பக்கத்தில் போய், "என்னம்மா வேணும்?" என்று கேட்கத் தோன்றியது. எனக்கே தோன்றியது.

நர்சம்மா வெகுநேரம் பார்த்தார். "இத உனக்கு யாரு சொன்னது?" என்றார், கோபமாகத்தான். பிறகு முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூவராகவன் நாள் எண்ண ஆரம்பித்தார். காத்தவராயன் வீட்டு ஓடு நாலு நாளில் வந்தது, என்னுடையது மூன்று நாளில். இது ஒரு வாரம் தாண்டியது, பத்து நாள் தாண்டியது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் அவர் கையிலிருக்கும் பிள்ளையாருக்கு ஒரு கண் பெரிதாகிவிடும்.

நவம்பர் இரண்டு வந்தது. கல்லறைத் திருநாள். அன்றைக்கு எல்லோரும் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். சூசைநாதன் இறந்தபோதே அவர் கல்லறையை இரண்டு பேருக்குமாகக் கட்டியாயிற்று. இடப்பக்கம் அவர் பெயர், வலப்பக்கம் நர்சம்மா பெயர். பிறப்பு 1953 என்று வெட்டி, இறப்பு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். கல் வெட்டுபவரை மறுபடி கூப்பிட்டால் ஒரு தேதி மட்டும் வெட்டினால் போதும் பாருங்கள். எங்களில் இது பலர் செய்வதுதான்.

நர்சம்மா அன்று மத்தியானமே போய் அந்த வலப்பக்கத்தில் ஓட்டைப் பொருத்தி வைத்துவிட்டார். "யாராச்சும் நிக்கறாங்களான்னு பாத்துடணும். நிக்கலன்னா தம்பிகிட்ட மாத்தித் தரச் சொல்லலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய், பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூவராகவன் மதிலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றார். தன் ஓவியத்துக்குக் கண்காட்சி நடக்கிறது என்று சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

முதலில் வந்தவர் ஜோஸ்பின். நர்சம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. சாக்கடைத் தண்ணீர் தகராறில் எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. தன் மாமியார் கல்லறைக்குப் போகிற வழியில் ஓட்டைப் பார்த்தார். நின்றார். கிட்டே வந்தார். பெயரைப் படித்தார். தேதி இன்னும் வெட்டவில்லை, ஆனால் படம் ஒட்டியாயிற்று. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ, எப்ப?" என்று நெஞ்சில் கை வைத்தார். "ரெண்டு வூடு தள்ளி இருந்துக்கினு எனக்குத் தெரியலையே! மூஞ்சிய பாரு, என்னமோ சொல்ல வந்துருக்கறா. ஒரு சாக்கடைக்காக நான் பேசாம இருந்துட்டனே!"

நான் எழுந்தேன். நர்சம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருடி. அவ இன்னும் முடிக்கல."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரும் வந்து நின்றார்கள். ஒருத்தர்கூடப் பார்த்த மாத்திரத்தில் நகரவில்லை. தன் குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போட்ட கதையை ஒருவர் சொன்னார். மழை நாளில் வீடு தேடி வந்து ஊசி போட்டதை ஒருவர் சொன்னார். பதின்மூன்று மெழுகுவர்த்தி ஏறிவிட்டது. யாரோ தன் வீட்டுக் கல்லறைக்குக் கொண்டுவந்த மாலையை இதற்குப் போட்டார்கள். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ஏற்றினார்கள். நர்சம்மா குடைக்குள் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. மாதா பாட்டு, முழுச் சத்தத்தில். குவைத்திலிருந்து சகாயராஜ். வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, யார் எடுத்தாலும் சரியென்று அழுதுகொண்டே போட்டிருக்கிறான்.

"யாருடா செத்தது?" என்று நர்சம்மா எழுந்து நின்று கத்தினார். "இப்பதான்டா டீ குடிச்சிட்டு வந்தன். மூக்க சிந்திட்டுப் பேசு. ஆமா, நான்தான். பின்ன யாரு எம் போன எடுப்பாங்க?"

கூட்டம் திரும்பியது. ஒரு பெண் மாதாவே என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஜோஸ்பின் மட்டும் அசையவில்லை. நர்சம்மாவைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், மறுபடி நர்சம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்து தான் ஏற்றிய மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாமியார் வந்து விசாரித்துவிட்டு, "உயிரோட இருக்கறவங்களுக்கு இங்க இடம் இருக்கலாம்மா, படம் இருக்கக் கூடாது. எடுத்துடுங்க" என்றார். நியாயம்தான். நர்சம்மா மறுபேச்சு பேசாமல் ஓட்டைப் பெயர்த்துக்கொண்டார். ஊர் பூராவும் ஒரு வாரம் அவரைத் திட்டியது. சும்மா அழ வைத்துவிட்டார் என்று ஒவ்வொருவருக்கும் கோபம்.

பூவராகவன் மறுநாள் காலையில் பரணில் ஏறினார். நாற்பத்தொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, ஓரத்தில் இன்னொன்றுக்கு இடம் செய்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்குத் திட்டுவதற்கும் மனசு வரவில்லை. திட்டாமல் அவரோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது, அதனால் பேசாமல் இருந்தேன்.

பதினைந்தாம் நாள் ஆட்டோ வந்தது. நர்சம்மா இறங்கினார், கையில் துண்டில் சுற்றிய சதுரம். பூவராகவன் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போய் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினார்.

நர்சம்மா ஓட்டை அவர் கையில் வைத்தார். "இதுல ரெண்டு ஓட்ட போட்டுக் குடு தம்பி. கேட்ல மாட்டணும்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"அந்த ஜோஸ்பின், மறுநாளு காலைல வந்து கேட்டுகிட்ட நின்னுகிட்டு என்னைய திட்டுனா பாரு, மூணு மணி நேரம். நடுவுல ரெண்டு டீ குடிச்சா. அதுலேர்ந்து தெனமும் வந்து திட்டிட்டுப் போறா. எனக்கு அப்பதான் ஒறைச்சிது. செத்தப்பறம் வந்து நின்னு என்னா பிரயோசனம்? இப்ப நிக்கட்டும். கேட்ல மாட்டிட்டா போற வர்றவங்க நிப்பாங்க இல்ல?"

பூவராகவன் ஓட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "சுட்ட ஓட்டுல ஓட்ட போட்டா தெறிச்சிடும் நர்சம்மா. புதுசா ஒண்ணு எழுதித் தரேன். மண்ணுலயே ஓட்ட வச்சிடலாம்."

"வேற வேணாம். இதுதான் நான்."

நாற்பத்தொரு பேர் சொல்லாததை அவர் சுண்டல் வாங்குவதுபோலச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூவராகவன் துளை போடும் மெஷினை எடுத்தார். நான் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், ஒரு பையன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். முதல் துளை சுத்தமாக விழுந்தது. இரண்டாவதில் சட்டென்று ஒரு சத்தம். வலது காதோரம் நகத்தளவு சில்லுப் பெயர்ந்துவிட்டது. பூவராகவன் முகம் செத்துப்போயிற்று.

நர்சம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காதுதான? வுடு. அந்தக் காது எனக்குச் சரியா கேக்கறதுமில்ல."

இப்போது கோயில் தெருவில் அந்த கேட்டில் அந்த முகம் இருக்கிறது. பால்காரர் நிற்கிறார், தபால்காரர் நிற்கிறார், முகவரி தெரியாமல் வந்தவர்கள்கூட நிற்கிறார்கள். "என்னம்மா?" என்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூவராகவன் போகிறார். ஓவியத்தில் தூசி துடைக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொள்கிறார். துடைக்க இரண்டு மணி நேரம் ஆகிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. துளை போட்ட அன்று நர்சம்மா போனபிறகு எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டு, இந்த ஐம்பத்திரண்டு வயதில் ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். முப்பத்தெட்டாவதைத் தேடி எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, குக்கரில் பருப்புப் போட்டேன்.

கிளமெண்ட் போனோடு வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். போனில் யாரோ பெரிய மீனை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை நிறுத்தவில்லை, அப்படியே கவிழ்த்து வைத்தார்.

"ரெஜினா, இது நீதான?"

"ம்."

"எப்பலேர்ந்து நீ இப்படி இருக்கற?"

இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அழுதேன். பிறகு சொன்னேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. குக்கர் ஏழெட்டு விசில் அடித்தது. இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று.

மறுநாள் பூவராகவன் எதையோ எடுக்கப் பரணில் ஏறினார். வெகுநேரம் சத்தமே இல்லை. எண்ணுகிறார் என்று தெரிந்தது. இறங்கி வந்து என்னிடம் ஒன்றும் கேட்காமல் தன் இடத்தில் உட்கார்ந்து கல்யாண செட்டை எடுத்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து நன்றாகச் சாப்பிட்டார். சாயங்காலம் பெட்டி கட்டும்போது பார்த்தேன், பெண்ணின் அப்பா மறுபடியும் அழுதுவிடுவார் போல நின்றார். நான் வைக்கோல் வைத்துப் பதமாகச் சுற்றி, அவரைப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்து அனுப்பினேன்.